விதி நான்கின்படி நீக்கப்பட்டது

மாடி வீடுகளின் கழிவெல்லாம் எங்கள் குளியலறை ஓட்டை வழியாகப் பொங்கி வர ஆரம்பித்தது திங்கட்கிழமை. தங்கை பிரசவமாகி ஆஸ்பத்திரியில் இருந்தாள். வெள்ளிக்கிழமை பச்சைக் குழந்தையோடு இந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும். அம்மா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு குவளையால் அள்ளி அள்ளி வாளியில் ஊற்றினாள். அள்ள அள்ள வந்தது.

வெளியே பொதுக்குழாய் அடைத்திருந்தது. லாரி வந்து உறிஞ்சினால்தான் சரியாகும். அதற்குக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் சம்மதிக்க வேண்டும். அவர் வீடு எங்களுக்கு நேர் மேலே, முதல் மாடியில். போய்ச் சொன்னேன்.

"வாய்ல சொன்னா எப்படிம்மா? குரூப் மெயில்ல போடுங்க. நாலு பேர் பார்த்து சரின்னு சொல்லணும்ல," என்றார். கதவைப் பாதிதான் திறந்தார். நாற்றம் என்மேல் ஒட்டியிருக்கும் என்று பயம். ஒட்டித்தான் இருந்தது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். "விதி நான்கின்படி இணைப்பு நீக்கப்பட்டது" என்ற வரி மட்டும் எல்லோருக்கும் போனது. போன வருடம் யாரோ மகள் கல்யாண ஆல்பத்தை முழுசாக அனுப்பி எல்லோர் மெயில் பெட்டியையும் அடைத்துவிட்டாராம். அன்றிலிருந்து எழுத்து மட்டும்தான் போகும். மூன்றாம் மாடிக்காரர் பதில் போட்டார்: "கொஞ்சம் தண்ணி நின்னதுக்கு லாரியா?"

எழுத்துதானே வேண்டும்? எழுதினேன். என்ன நிறம், எவ்வளவு கெட்டி, மேலே மிதப்பது எது, யாருக்கோ செரிக்காத தக்காளித் தோல் என் அம்மாவின் கணுக்காலில் எப்படி ஒட்டியது, ஒன்று விடாமல் எழுதினேன். பதில்கள் கொட்டின. "சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், சே!" "குழந்தைங்க கண்ல படுற மெயில் இது." "படிச்ச பொண்ணு எழுதுற எழுத்தா?" குழாயைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. செயலாளர் அன்றே புதிதாக ஒரு விதி சேர்த்தார்: அருவருப்பான வர்ணனைகள் கூடாது.

அவர்கள் போட்டதைத்தான் நான் எழுதினேன். போடும்போது வராத அருவருப்பு படிக்கும்போது வந்துவிட்டதாம். த்தூ!

வியாழக்கிழமை ஒரு ரப்பர் அடைப்பான் வாங்கி வந்தேன். காற்றடித்தால் குழாய்க்குள் உப்பி இறுக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டுக் குழாய் பொதுக்குழாயில் சேருகிற இடத்தில் அதை வைத்தேன்.

"நம்ம குழாயை அடைச்சிட்டா அது எங்கடி போகும்?" என்றாள் அம்மா.

"மேல போகும்மா."

அம்மா முதல் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா இறுக்கி அடி," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை செயலாளரிடமிருந்து மெயில் வந்தது, போட்டோக்களோடு. அவருடைய பளிங்குத் தரையும் சோபாவின் காலும் பளிச்சென்று தெரிந்தன. அவர் அனுப்பியதில் எதுவும் நீக்கப்படவில்லை. "இன்று காலை முதல் நம் கட்டடத்தில் கழிவுநீர்ப் பிரச்சினை" என்று ஆரம்பித்திருந்தார். மூன்றாம் மாடிக்காரர் துடித்துப்போனார்: "அய்யோ பாவம் சார் நீங்க! உடனே லாரிக்குச் சொல்லுங்க." லாரி பத்து மணிக்கெல்லாம் வந்து நின்றது.

அடைப்பானைக் கழற்றி வீட்டைக் கழுவி முடித்தபோது தங்கை வந்துவிட்டாள். வந்ததும் குழந்தையை அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அக்காகிட்ட குடுடி. எவ்வளவு சோப்பு போட்டாலும் என் கை நாறுது."