கடைசி விலை

சிவாஜிநகரில் துணி விற்றே மூன்று கட்டடங்கள் எழுப்பியவர் தட்சிணாமூர்த்தி. மூன்றிலும் வாடகைக்கு இருந்த கம்பெனி, மின்சாரமும் டீசலும் சேர்ந்து எவ்வளவு கார்பன் வெளியே போகிறது என்று ஒரு மாதம் அளக்க ஆளனுப்பியது. அதிகமாக வந்தால் காலி செய்துவிடுவார்கள் என்று அவருக்குப் பட்டது.

அந்த மாதம் ஏசி நின்றது. ஜெனரேட்டருக்குப் பூட்டு விழுந்தது. லிஃப்டும் ஓடவில்லை. கேட்டவர்களிடம் பழுது என்றார்.

மாத முடிவில் மீட்டரைப் பார்த்த ஸ்னேஹா, கம்பெனி அனுப்பிய பெண், அசந்துபோனாள். "இவ்ளோ கம்மியா நான் எங்கயும் அளந்ததில்ல சார்."

தட்சிணாமூர்த்தி மீசையைத் தடவினார். "அப்ப பாஸ்தானேம்மா?"

"பாஸ், ஃபெயிலெல்லாம் இல்ல சார். இதுதான் ஆரம்பக் கணக்கு. மூணு வருஷத்துல இதைப் பாதியாக் கொறைக்கணும். இல்லன்னா அவங்க காலி பண்ணிடுவாங்க."

அவருக்கு வியர்த்தது. ஏசி இன்னும் போடவில்லை. இத்தனை வருட வியாபாரத்தில் எந்தக் கிராக்கியிடமும் கடைசி விலையை முதலில் சொன்னவரில்லை அவர்.

"ஏம்மா," என்றார் குரலைத் தாழ்த்தி, "இந்த மாசத்த விட்டுடும்மா. அடுத்த மாசம் அளந்துக்கோ. ஜன்னலையெல்லாம் தொறந்து வச்சு ஏசி போடறேன்."