ரெண்டு நாள்தானே

மூணு வருஷமா அந்தக் கூட்டத்துல இருக்கிற அத்தனை தலையும் என் கத்தரிக்கு வந்து போனதுதான். பொண்ணுங்களைக் காதலிக்கிற பொண்ணுங்க கூட்டம். நானும் பொண்ணு, நானும் ஒரு பொண்ணைத்தான் காதலிக்கிறேன். என்ன, நான் திருநங்கை. ஞாயித்துக்கிழமை ஆனா என் பார்லர் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ளே உட்கார்ந்து பேசுவோம். நம்ம இடம்னு வாய் நிறையச் சொல்வாங்க. நானும் மண்டு மாதிரி பூரிச்சுப் போவேன்.

போன வாரம், ரெண்டு நாள் வெளியூர் போறதா முடிவாச்சு. எங்களுக்குத் தலைவி மாதிரி ஒரு டீச்சர் உண்டு. அவங்கதான் விடுதி ரூம் பட்டியலைக் கொண்டுவந்து என் கண்ணாடியிலேயே ஒட்டினாங்க. நாலு ரூம்ல ரெண்டு ரெண்டு பேர். அஞ்சாவதுல மூணு பேர் நெருக்கியடிச்சு. அதுல ஒருத்தி நான் காதலிக்கிற நர்ஸு. ஆறாவதுல நான், ஒண்டியா.

"உனக்கு வசதியா இருக்கட்டுமேன்னுதான். சிலருக்குக் கொஞ்சம் கூச்சம்..."னு இழுத்தாங்க டீச்சர்.

கூச்சமாம்! கொத்துக் கொத்தா முடி கொட்டுதுன்னு அந்தச் சிலரே இதே நாற்காலியில என் கையைப் பிடிச்சு அழுதப்போ எங்கே போச்சு அந்தக் கூச்சம்?

அதைவிட வயித்தெரிச்சல், அந்தப் பட்டியலை எழுதின கையெழுத்து. ஆஸ்பத்திரியில டியூட்டி சார்ட் எழுதி எழுதிப் பழகின குண்டு எழுத்து. தினமும் என் பக்கத்துல படுக்கிறவ எழுத்து எனக்குத் தெரியாதா?

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஏண்டி, நீயா எழுதின?"

"எல்லாரும் சொன்னாங்க. ரெண்டு நாள்தானே, அனுசரிச்சுக்கோயேன்."

ஊரும் வேணாம், ரூமும் வேணாம். எனக்காக இவ ஒரு வார்த்தை பேசினா போதும்னு இருந்துச்சு.

கிளம்பறதுக்கு முந்தின நாள் மத்தியானம் அவ கடைக்கு வந்தா. ஒண்ணுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து, "பின்கழுத்தைச் சுத்தமா வழிச்சு விடு"ன்னா. துணியைப் போர்த்திட்டு சவரக்கத்தியை எடுத்தேன்.

"பயமா இல்லையா?"

கண்ணை மூடிக்கிட்டே சிரிச்சா. "உன்கிட்ட எனக்கென்னடி பயம்?"

"இதை அன்னிக்கு அவங்க முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

கண்ணைத் திறந்தா. கண்ணாடியில என்னைப் பார்த்தா. நானும் பதில் வரும்னு காத்திருந்தேன், வெட்கங்கெட்டவ.

"காலையில ஆறு மணிக்கு வண்டி"ன்னா.

ஒரு கீறல் இல்லாம வழிச்சு முடிச்சேன். துணியை எடுத்து உதறினேன்.

"எழுந்திரு. அடுத்தவங்க காத்திருக்காங்க."

கடையில வேற யாருமே இல்லை.