மாதவியின் சனிக்கிழமை

மாதவி மலேசியாவின் கிள்ளானில் குடியிருப்பவள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விரிவுரையாளர். அந்த வெள்ளிக்கிழமை அவள் மகள் தாரணியை டிங்கிக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள்.

மாலையில் துறைத்தலைவர் பரமேஸ்வரன் அழைத்தார். மறுநாள் பெண் ஊழியர்களுக்குக் கருத்தரங்கு. வேலையையும் வீட்டையும் ஒருசேரக் கவனிப்பது எப்படி என்பது தலைப்பு. முதலில் பேச வேண்டியவள் மாதவி. மகளின் நிலையைச் சொல்லி, வர இயலாது என்றாள். அவர் வருத்தப்பட்டார். பிறகு, கணவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றதும், "அப்புறம் என்ன, கொஞ்ச நேரம் பேசிட்டுப் போயிடுங்க லா. புரமோஷன் நேரம் வேற," என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைக் கிளம்ப வைத்தது. காலையில் தாரணி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். கணவன் முகுந்தன்தான் அவள் விரல்களை மெல்லப் பிரித்துவிட்டான்.

விடுமுறை நாளில் வரவழைக்கப்பட்ட பெண்கள் மண்டபத்தில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். பரமேஸ்வரன் அவளை அறிமுகப்படுத்தினார். பிள்ளை மருத்துவமனையில் கிடந்தும் கடமைக்கு வந்திருப்பதாகப் புகழ்ந்தார். கைதட்டினார்கள். மாதவிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"வர முடியாதுன்னு நான் சொன்னேன். சார் புரமோஷன ஞாபகப்படுத்தினாரு, பயந்து வந்தேன்," என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "போன மாசம் நம்ம துறை யுகேந்திரன் சார் மகனுக்குக் காய்ச்சல்னு மீட்டிங்கையே தள்ளி வெச்சீங்க. நல்ல அப்பான்னு பாராட்டினீங்க. என் மக காய்ச்சலுக்கு மட்டும் எதுக்கு இந்த மேடை?"

ஒலிவாங்கியை வைத்துவிட்டு இறங்கினாள். சாவியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். கணிதத் துறை ஹபீபா எழுந்து வந்து அவள் கார் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"நான் ஓட்டுறேன், வாங்க."

தாரணி தேறி வீடு திரும்பினாள். அதன் பிறகு பெண்கள் எல்லாரும் சனிக்கிழமை நிகழ்ச்சிகளுக்கு வர மறுத்ததால் நிர்வாகம் அவற்றைக் கைவிட்டது. பதவி உயர்வோ, மாதவிக்குப் பின் வெகுநாள் கழித்து வேலையில் சேர்ந்த யுகேந்திரனுக்குப் போனது. அவள் மேல்முறையீடு செய்தாள்.

பரமேஸ்வரன் அவளைத் தன் அறைக்கு அழைத்து, அன்று உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டதாக ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்.

"உணர்ச்சிவசப்பட்டுத்தான் பேசினேன் சார். ஆனா பொய் பேசல," என்று சொல்லிவிட்டு மாதவி வகுப்புக்குப் போனாள். மேல்முறையீட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. அவள் அதை விடுவதாகவும் இல்லை.