ஒரே அட்டையில் இரண்டு ஓட்டை

ரைஃபிள் கிளப்பில் அவளுக்கு 'மேஜர்' என்று பெயர். தண்ணீர் பாட்டிலைக்கூட உயர வரிசைப்படி அடுக்குகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஒரு வயது இளைய தம்பிக்கு 'வாலு'. காரணம் கேட்கிறவர்கள் அவனோடு கால் மணி நேரம் இருந்து பார்க்கட்டும்.

வெளியூர்ப் போட்டிக்குப் போகும் அணியில் மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு இடம். அதற்காக மேஜர் பள்ளி நாடகத்தை விட்டாள், தோழியின் பிறந்தநாளை விட்டாள், ஏர் ரைஃபிளைத் தூக்கித் தூக்கித் தோளை வீங்கவைத்துக்கொண்டாள். கடைசியில் அவளோடு மோத மிஞ்சியவன் யார்? சாட்சாத் வாலுதான். பின்வரிசை நாற்காலியில் இருந்த அம்மா, யாருக்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கைப்பையை இறுக்கிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் ஒரே சமயத்தில் பத்துப் பேரைச் சமாளிக்கிறவள் இந்த இரண்டு பேரிடம் திணறிப்போனாள்.

குலுக்கலில் மேஜருக்கு நான்காம் தடம், வாலுவுக்கு ஐந்தாம் தடம். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது. வாலு இடது கைக்காரன். வரிசையில் மற்றவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்க, இவர்கள் மட்டும் நேருக்கு நேர் நின்றார்கள். குறி பார்க்கும்போது வாலுவின் நாக்கு தானாக வெளியே வந்து மூக்கைத் தேடும். அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

கோச் அக்காவுக்கு ஒரு கறாரான வழக்கம் உண்டு. சுட்டவுடன் யாரும் தொலைநோக்கியில் எட்டிப் பார்க்கக் கூடாது. அட்டையைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, குண்டு எத்தனை மணிப் பக்கம் போயிருக்கும், எத்தனை புள்ளி என்று முதலில் வாய்க்குள் சொல்ல வேண்டும். பிறகுதான் பார்க்கலாம். "கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி கைக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்பாள்.

கடைசிக் குண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புது அட்டை. பலகைக் கணக்குப்படி மேஜர் எட்டுப் புள்ளி முன்னால் இருந்தாள். ரைஃபிளை உயர்த்தினாள், எதிரே நாக்கு தெரிந்தது, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துப்பாக்கியை இறக்கிப் பின்னால் நகர்ந்தாள். அந்த நேரத்தில் வாலு சுட்டான்.

"அஞ்சு மணிப் பக்கம்... ஆறு. போச்சு!" என்று முனகினான்.

அது மேஜரின் காதில் தெளிவாக விழுந்தது. இனி இடம் நமக்குத்தான் என்று மனசு துள்ளியது. அந்தத் துள்ளலோடு திரும்ப வந்து நின்றாள், மூச்சை அடக்கினாள், விசையை அழுத்தினாள். "பத்து" என்று சொல்லிக்கொண்டாள். பத்தேதான். ஆனால் தொலைநோக்கியில் அவள் அட்டை கன்னங்கரேலென்று அப்படியே இருந்தது. பக்கத்து அட்டையில் இரண்டு ஓட்டை.

நின்ற நிலை ஐந்தாம் தடத்துப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது. அட்டைக்கு மேல் இருந்த தட எண்ணை அவள் பார்க்கவேயில்லை. எண்ணைப் பார் என்று எல்லாருக்கும் பாடம் எடுக்கிற மேஜர்!

மதிப்பெண் போடுகிறவர் ஒரு பல் டாக்டர். சொத்தைப் பல்லைக் குடைவது போல இரண்டு ஓட்டையையும் குடைந்து பார்த்தார்.

"ஒண்ணு பத்து, ஒண்ணு ஆறு. எது யாரோடதுன்னு தெரியலன்னா அட்டைக்காரருக்குத்தான் பெருசு. நாலாம் தடத்துக்குச் சைபர்."

வாலுவுக்குப் பத்து கிடைத்தால் இரண்டு புள்ளியில் அவன் ஜெயிப்பான். ஆறு என்றால் அதே இரண்டு புள்ளியில் அவள். மேஜருக்குத் தொண்டை வரை வார்த்தை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். கண்ணில் நீர் முட்டியது. வாலு தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதுகள் மெல்லச் சிவந்தன.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"சார், இருங்க" என்றான் வாலு. "பத்து எங்க அக்காவோடது. என்னோடது ஆறு. சுட்டதுமே வாய்விட்டுச் சொன்னேன்."

"யாராவது கேட்டீங்களா?" என்றாள் கோச்.

"நான் கேட்டேன்" என்றாள் மேஜர்.

"அப்புறம் ஏம்மா வாயத் தெறக்கல? உன் இடம் போயிருக்குமே!"

"அவனே சொல்றானான்னு பாத்தேன்."

பின்னால் அம்மா சத்தமாக மூக்கைச் சிந்தினாள். மேஜருக்குக் கடைசி இடம், வாலுவுக்கு மாற்று ஆள் இடம் என்று முடிவானது. அடுத்தவன் அட்டையில் பத்து எடுத்த ஒரே வீராங்கனை என்று கிளப்பே கைதட்டிச் சிரித்தது. வேறு நாளாக இருந்தால் மேஜர் முறைத்திருப்பாள். இன்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

திரும்பும் வழியில் பேருந்தில் வாலு மெதுவாகச் சொன்னான்: "சொல்லாம விட்டுடலாம்னு ஒரு நிமிஷம் நெனச்சேங்க்கா."

"தெரியும். காது காட்டிக் குடுத்துச்சு."

"கோவமா?"

"நானும்தான் ஒரு நிமிஷம் உன்ன மாட்டிவிடலாம்னு நெனச்சேன்."

அவன் அம்மாவின் பையிலிருந்து, மருந்து டப்பாவில் வேளை குறிக்கிற பேனாவை எடுத்தான். அக்காவின் கையைப் பிடித்துப் புறங்கையில் கோணல்மாணலாக எழுதினான்: 'மேல பாரு.'

வெளியூருக்குப் போகிற வரை மேஜர் அந்தக் கைக்கு மட்டும் சோப்பு போடவில்லை.