மூன்றாம் ஓலை

தங்கச்சி ஜெயனி அனுப்பிய படங்களில் கடைசிப் படத்தில்தான் செத்துப்போன மனிதன் நின்றான்.

சுவேதினி முதலில் அவனைக் கவனிக்கவில்லை. தங்கச்சியின் மகளைத்தான் பார்த்தாள். ஸ்பெயினில் சலூ என்கிற கடற்கரைப் பட்டினம். பாரிசிலிருந்து புருஷன் டிலோஜனோடும் பிள்ளையோடும் காரில் போய் ஒரு கிழமை விடுமுறை. பிள்ளை மணலில் குந்தியிருந்து வாளியைக் கவிழ்க்கிறாள். பின்னால் வரிசையாக நீலக் குடைகள். அவற்றின் கீழே எண்ணெய் பூசிக்கொண்டு வெள்ளைக்காரர் படுத்துக் கிடக்கிறார்கள். அதற்கும் பின்னால், மடித்த குடை ஒன்றை அணைத்தபடி ஒரு கறுத்த மனிதன். ஒற்றைக் காலில் நின்றான். மற்றக் காலை மடித்து முழங்காலில் ஊன்றியிருந்தான்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள்.

ஊரில், வங்காலைக் கரையில் அப்படி நிற்கிறவன் ஒருவன்தான். 'கொக்கு' என்று ஊரே பட்டம் வைத்த வின்சன்ட். அவளுடைய புருஷன். ஐந்து வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனான். கவிழ்ந்த படகு மட்டும் தலைமன்னார்ப் பக்கம் ஒதுங்கியது. சேமக்காலையில் மற்றக் கல்லறைகளோடு அவனுக்கும் சிலுவை நட்டிருக்கிறது. கீழே உடல் இல்லை.

நாளை ஞாயிறு. நாளைப் பூசையில் அவளுடைய கல்யாண ஓலையை மூன்றாம் தரம் வாசிப்பார்கள். இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. வங்காலைப் பங்கைச் சேர்ந்த சுவேதினிக்கும் பேசாலைப் பங்கைச் சேர்ந்த அலெக்ஸாண்டருக்கும் நிச்சயமாகியிருக்கும் இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். யாரும் தெரிவிக்கவில்லை. மூன்றாம் ஓலையும் தாண்டிவிட்டால் புதன்கிழமை கல்யாணம்.

தங்கச்சிக்கு அழைத்தாள்.

"என்னக்கா, படங்கள் வடிவா இருக்கே?"

"கடைசிப் படத்தில பின்னுக்கு நிக்கிறது ஆரடி?"

"ஆர், அந்தக் குடைக்காரனோ? குடை, கதிரை வாடகைக்குக் குடுக்கிறவன். பங்களாதேஷாக்கும். எங்களைக் கண்டா மற்றப் பக்கத்தால போயிடுறான். எங்களிட்டக் காசில்லை எண்டு முகத்தில எழுதியிருக்காம் எண்டு டிலோஜன் பகிடி விடுறார்."

"படத்தைப் பெருப்பிச்சுப் பார்."

அலைச் சத்தம். பிள்ளை எதற்கோ கத்தியது. பிறகு ஜெயனியின் குரல் மெலிந்து வந்தது.

"மாதாவே... அக்கா."

சுவேதினியின் கையிலிருந்த ஃபோனை யாரோ பறித்தார்கள். அப்பா செபமாலை. முற்றத்தில் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தவர், மகளின் முகத்தைக் கண்டு உள்ளே வந்திருந்தார்.

"என்ன, ஆருக்கும் வருத்தமோ?"

அவள் படத்தைக் காட்டினாள். செபமாலை கண்ணாடியைப் போட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"தாடி வச்சவனெல்லாம் வின்சன்டே?"

"நான் வின்சன்ட் எண்டு சொல்லேல்லையே, அப்பா."

செபமாலை ஃபோனைக் கட்டிலில் எறிந்தார். "இஞ்ச பார். மரண அத்தாட்சி எடுத்தாச்சு. ஆயர் இல்லத்தில அனுமதி எடுத்தாச்சு. ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. கடலுக்குப் போனவன் கடலிலயே இருக்கட்டும். நீயும் ஒண்டும் பாக்கேல்லை, நானும் ஒண்டும் பாக்கேல்லை."

வெளியே போய்க் கம்பை ஓங்கி ஓங்கிக் குத்தினார்.

டிலோஜன் அந்த மனிதனைத் தேடிப் போயிருப்பதாக ஜெயனி எழுதினாள். அதன்பிறகு ஒன்றுமில்லை. சுவேதினி வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். தேநீர் ஊற்றிக் குடிக்காமல் வைத்தாள். கல்யாணச் சேலையை அலுமாரியிலிருந்து எடுத்தாள், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திருப்பி வைத்தாள். கடற்கரைவரை நடந்தாள். வள்ளங்கள் கரையில் கிடந்தன, வலை பிரிக்கிறவர்கள் "என்ன பொம்பிளை, மாப்பிளை வள்ளத்திலயோ வாறார்?" என்று சீண்டினார்கள். சிரித்து வைத்தாள்.

அது அவனாக இருக்கக்கூடாது என்று மன்றாடிக்கொண்டிருப்பதைப் பாதி வழியில்தான் உணர்ந்தாள்.

ஃபோன் அதிர்ந்தது. வீடியோ அழைப்பு.

திரையில் டிலோஜன் ஓடிக்கொண்டிருந்தான். மணல், யாருடையதோ தொடை, வானம், ஐஸ்கிறீம் வண்டி, வெள்ளைக்காரர் ஒருவரின் பெரிய தொந்தி. ஸ்பெயின் முழுவதும் தலைகீழாக ஆடியது.

"அண்ணை! நில்லுங்கோ அண்ணை!"

முன்னே போன முதுகு திரும்பவில்லை. வேகம் கூட்டியது.

"டேய் கொக்கு!"

முதுகு நின்றது.

திரும்பிய முகத்தில் தாடி நரைத்திருந்தது. கண்கள் மாறவில்லை. டிலோஜன் மூச்சு வாங்கியபடி ஃபோனை அவன் முன்னால் நீட்டினான். சுவேதினி பக்கத்துப் பனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். அவனை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வின்சன்ட் அக்கம்பக்கம் பார்த்தான். "படம் எடுக்காதை தம்பி," என்றான் டிலோஜனிடம். பிறகு அவளிடம், "சுகமா இருக்கிறியே?"

"சுகமாவோ? எப்பிடி... நீங்கள்... படகு?"

"கள்ளமா மஞ்சள் மூட்டை ஏத்தினனான். இந்தியாவில இருந்து வரேக்க நேவி கலைச்சது. எல்லாத்தையும் கடலில தள்ளினன். வெறுங்கையோட கரைக்கு வந்தா மூட்டைக்காரன் வெட்டிப்போடுவான். படகைக் கவிழ்த்துவிட்டு இந்தியப் போட் ஒண்டில ஏறிட்டன். அங்கயிருந்து கப்பல் வேலையில இஞ்ச வந்தனான்."

"ஒரு ஃபோன் எடுத்திருக்கலாமே?"

"எடுத்தா உன்னைப் பிடிச்சுக் கேப்பாங்கள். அதுதான் முதலில. பிறகு..." அவன் குடையைத் தோள் மாற்றினான். "பிறகு நாள் போட்டுது."

"ஐஞ்சு வருசமா உங்களுக்கு ஆத்துமப் பூசை குடுத்தனான்!"

"பாத்தனான். கோயில் பூசை ஃபேஸ்புக்கில போகுதல்லே, ஒண்டும் விடுறேல்லை. போன வருசப் பிரசங்கம் நல்லா இருந்தது."

சுவேதினி திரையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். இவள் கறுப்பு உடுத்து அழுததை இவன் இந்தக் கடற்கரையில் குந்தியிருந்து பார்த்திருக்கிறான்.

"அப்ப ஓலையும்?"

"ரெண்டும் கேட்டனான். அலெக்ஸாண்டர் நல்லவன், ஐஸ் லொறி ஓடுறவன்தானே? நீ கட்டு. நான் செத்தவன், அப்பிடியே விடு. நாளைக்கும் பாப்பன். மூண்டாவதும் வாசிச்சு முடியட்டும், எனக்கும் ஒரு நிம்மதி."

யாரோ ஒரு வெள்ளைக்காரி கை காட்டிக் கூப்பிட்டாள். வின்சன்ட் சிரித்த முகத்தோடு குடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவனுக்கு நிம்மதியாம். அதற்கு இவள் பொய்யில் ஒரு கல்யாணம் கட்டவேண்டுமாம்.

பொழுது சாயுமுன் அலெக்ஸாண்டருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் லொறி எஞ்சின் நின்றது.

"உனக்கு அவன் வேணுமே?" என்று கேட்டான்.

"வேணாம்."

"அப்ப பேசாம இருப்பம். எங்கள் மூண்டு நாலு பேருக்குத்தான் தெரியும்."

"பேசாம இருந்தா, நான் உங்களுக்குப் பெண்சாதி இல்லை. ஒவ்வொரு நாளும் அவன் எப்ப வாய் திறப்பானோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறவள்."

"அவனிட்ட இருந்து பிரியக் கோட்டு வழக்கு, ஆயர் இல்லம் எண்டு எத்தினை வருசம் போகுமோ."

"போகட்டும். நீங்கள் நிக்கோணும் எண்டு நான் கேக்கேல்லை."

அலெக்ஸாண்டர் ஃபோனை வைத்துவிட்டான்.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் முக்காலியில் கமரா; அதன் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. ஸ்பெயினில் இன்னும் விடிந்திருக்காது. நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் ஃபாதர் தாளை விரித்தார்.

"மூன்றாம் தரமாக அறிவிக்கப்படுவது..."

செபமாலை ஆண்கள் பக்கமிருந்து மகளைத் திரும்பிப் பார்த்தார். பார்வையிலேயே உட்கார் என்றார். அவள் எழுந்துவிட்டாள்.

"தடை இருக்கு, ஃபாதர்."

ஃபாதர் மைக்கைப் பொத்தினார். "பிள்ளை, இது உன்ர ஓலை."

"ஓம் ஃபாதர். அறிஞ்சவை சொல்லோணும் எண்டுதானே வாசிக்கிறீங்கள்? நான் அறிஞ்சிட்டன். என்ர புருஷன் உயிரோட இருக்கிறார்."

பின்வரிசை வாங்கில் ஒரு கிழவி "ஆண்டவரே" என்றாள். பிறகு இரைச்சல். சுவேதினி கமராப் பக்கம் திரும்பினாள். இதுவரை ஒருநாளும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"வின்சன்ட், பாத்துக்கொண்டுதானே இருக்கிறீங்கள்? இனி உங்களுக்கு ஆத்துமப் பூசை இல்லை. சேமக்காலையில இருக்கிற சிலுவையை இண்டைக்குப் பிடுங்குவன். உயிரோட இருக்கிறன் எண்டு எழுதி, கையெழுத்து வச்சு அனுப்புங்கோ. மிச்சத்தை நான் கோட்டில பாக்கிறன்."

வாங்கில் இருந்துகொண்டாள். பேசாலையிலிருந்து வந்து கடைசி வாங்கில் இருந்த அலெக்ஸாண்டர் எழும்புவது தெரிந்தது. வாசல் பக்கம் போகப்போகிறான் என்று நினைத்தாள். அவன் நடுவால் நடந்துவந்து, தலையில் கை வைத்துக் குனிந்திருந்த செபமாலைக்குப் பக்கத்தில் போய் இருந்தான்.

மடியில் ஃபோன் அதிர்ந்தது. வெளிநாட்டு இலக்கம். அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது.

சுவேதினி அதைக் கவிழ்த்து வைத்தாள். ஃபாதர் இன்னும் கடைசி ஆசீர்வாதம் கொடுக்கவில்லை.