இல்லாத கைக்கோடரி

கடல் அந்த மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. போன மழைக்காலத்துக்கு முன் வேலியிலிருந்து விளிம்பு இருபதடி தள்ளி இருந்தது, இப்போது ஆறடிதான். அந்த ஆறடிக்குள்தான் அகழாய்வுக்காரி மூன்று வாரமாக மண்டியிட்டுக் கிடந்தாள்.

குழியின் தரையெங்கும் கல் சில்லுகள். எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன் யாரோ ஒருவன் உட்கார்ந்து, கல்லைக் கல்லால் தட்டிக் கைக்கோடரி செய்த இடம். சில்லுகள் விழுந்தது விழுந்தபடியே கிடந்தன. கோடரியைத்தான் காணோம்.

"இன்னும் ஒரு சாண் கிழக்கே போனா கிடைச்சிடும்."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க, மேடம்" என்றார் அளவெடுப்பவர், நாடாவைச் சுருட்டியபடி.

அன்று காலை விளிம்பையொட்டி விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. மறுநாள் அமாவாசை, கடல் பொங்கி ஏறும். மாலைக்குள் ஒன்று கோடரியைத் தேடலாம், இல்லையென்றால் சில்லுகளை மண்ணோடு பெயர்த்தெடுக்கலாம். இரண்டுக்கும் நேரம் போதாது. எதற்கும் இருக்கட்டும் என்று, பெரிய பலகைப் பெட்டி ஒன்று வேண்டுமெனக் கணவருக்குப் போன் போட்டாள்.

கணவர் தச்சர். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் தோண்டும் குழி எதையும் அவர் எட்டிப் பார்த்ததில்லை. "வீட்டு அரிசியில கிடக்கிற கல்லைப் பொறுக்க ரெண்டு பேருக்கும் நேரமில்ல, இவ ஊர்க் கல்லைப் பொறுக்கப் போறா" என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பவர். அன்று மதியம் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கி வைத்தவர், குழியோரம் குந்தினார். சில்லுகள் கிடந்த விதத்தை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

"இங்கதானே உக்காந்திருக்கான்?" சில்லே விழாத ஒரு திட்டைக் காட்டினார். "அதோ, பொடியெல்லாம் அந்தப் பக்கமா போயிருக்கு பாரு. காத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கான். கண்ணுல தூசு விழக்கூடாதுல்ல."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பொடியை அவள் எடை போட்டிருந்தாள், படம் எடுத்திருந்தாள். இது தோன்றவில்லை.

"அப்போ கோடரி எங்கங்க?"

"நான் நாற்காலி செஞ்சா பட்டறையிலயா வெச்சிருப்பேன்? முடிச்ச சாமானை எடுத்துட்டுப் போயிட்டான்மா. இழைப்புச் சுருளைத்தான் விட்டுட்டுப் போயிருக்கான்."

அவள் கிழக்குப் பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பிளாஸ்டரைக் கரைங்க" என்றாள் அளவெடுப்பவரிடம்.

சில்லுகள் கிடந்த பரப்பைச் சுற்றி மண்ணை வெட்டி, பிளாஸ்டரில் நனைத்த துணியால் போர்த்தி, அடியில் பலகையைச் செருகினார்கள். தச்சர்தான் அங்குலம் அங்குலமாகப் பலகையைத் தட்டி உள்ளே தள்ளினார். பொழுது சாய்வதற்குள் பெட்டி வண்டியேறிவிட்டது. மறுநாள் வந்து பார்த்தபோது வேலியின் இரண்டு கம்பங்கள் அந்தரத்தில் தொங்கின. கிழக்குப் பக்கம் என்று ஒன்றே இல்லை.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அறையில் வேலை. எந்தச் சில்லு எதோடு சேரும் என்று பார்த்துப் பார்த்து ஒட்டினார்கள். உடைத்த தேங்காய் மூடிகள் போல இரண்டு பாதிகள் உருவாயின. சேர்த்து வைத்தால் பழைய உருண்டைக்கல். நடுவில் மட்டும் வெற்றிடம். உள்ளே எண்ணெய் தடவிப் பிளாஸ்டர் ஊற்றினாள். காய்ந்ததும் பாதிகளைப் பிரித்தாள்.

இலை வடிவில், நுனி கூர்ந்து, வெள்ளை வெளேரென்று கைக்கோடரி வெளியே வந்தது.

அளவெடுப்பவர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தார்.

"இதுக்கு என்ன நம்பர் மேடம் போடறது? குழியில கிடைக்கவே இல்லையே."

"சில்லுக்கு மட்டும் போடுங்க. எடுத்துட்டுப் போனவன் திருப்பிக் கொண்டுவந்தா அதுக்கும் போட்டுக்கலாம்."

அவளைக் கூட்டிப்போக வந்திருந்த கணவர் சிரிக்கவில்லை. வெறும் பிளாஸ்டர் என்று தெரிந்தும், உளியைச் சோதிப்பதுபோல அதன் விளிம்பில் கட்டைவிரலை மெல்ல ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.