ஆறடி தள்ளி

“அந்த ரூம் என்னுது. யாரும் அதுல கை வைக்கக் கூடாது.”

தச்சரின் கையிலிருந்த அளவு நாடா சடாரென்று சுருண்டு உள்ளே போனது. அண்ணன் ரிமோட்டை மடியில் வைத்தான். அப்பா செய்தித்தாளை மடிக்காமல் அதன் விளிம்புக்கு மேலாகப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற அம்மாவுக்கு முகம் வெளிறிப் போயிற்று. ‘அப்பாகிட்ட எதை வேணும்னாலும் கேளு, என்னுதுன்னு மட்டும் கேட்காதே’ என்று, மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து காதில் ஓதி வளர்த்தவள் அவள்தான்.

காரணமும் சொல்லிக் கொடுத்திருந்தாள். இந்த வீட்டில் எல்லாமே எல்லாருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் என்றால் அண்ணனுக்கு என்று பொருள் என்பதை மகள் தானாகவே கற்றுக்கொண்டாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மீட்டர்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து சாப்பாட்டு டப்பாவோடு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தாள். நுழைந்ததும் கண்ணில் பட்டது, தன் அறையின் பிளைவுட் தடுப்பில் பென்சிலால் போட்டிருந்த பெருக்கல் குறி. அறை என்றால் பெரிய அரண்மனை இல்லை. ஹாலின் கடைசி ஆறடியைத் தடுத்து எடுத்தது. ஒரு மேசை, ஒரு அலமாரி, கீழே விரித்தால் ஒரு ஆள் படுக்கலாம். ஆனால் கதவு உண்டு, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுதான் அவள் இயற்பியலில் பட்டம் வாங்கினாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இப்போது மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் வியாழக்கிழமை வந்து இறங்கிய டிவி. ஐம்பத்தைந்து அங்குலம், ஹெச்டி. கூடவே புது டிஸ்க் பிளேயர். அண்ணன் வாங்கினான். மாட்டியது மாமா. அம்மாவின் தம்பியான அவர் ஒரு காலத்தில் கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவர். அதனால் பிளக் வைத்த பொருள் எதுவானாலும் இந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அவருக்கு வீட்டில் பட்டப்பெயர் ‘இன்ஜினியர்’. அது மரியாதை. அவளுக்கும் ஒரு பெயர் உண்டு, ‘டிகிரி’. அது நக்கல்.

மாமா பழைய பிளேயரிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை கொண்ட ஒயரை உருவி, புதுசில் சொருகினார். பெட்டிக்குள் தட்டையான முனையோடு வந்த புது ஒயர் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் தெர்மாகோலோடு பரணுக்குப் போயிற்று. டிவியைப் போட்டதும் முகங்கள் ஈரக் கையால் அழித்த மாதிரி தெரிந்தன. பழைய சின்ன டிவியே தேவலை போலிருந்தது.

“பெரிய டிவிக்குப் பெரிய தூரம் வேணும். கிட்டக்க உட்கார்ந்தா இப்படித்தான் கலங்கும்” என்றார் மாமா.

உடனே நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. கொஞ்சம் தெளிவாயிற்று. இன்னும் நகர்த்தினார்கள். இன்னும் கொஞ்சம். கடைசியில் அப்பாவின் தலை தடுப்பில் இடித்தது. “இன்னும் ஒரு ஆறடி இருந்தா கண்ணாடி மாதிரி இருக்கும் அத்தான்” என்று மாமா சொல்ல, நாலு பேரும் சேர்ந்து திரும்பித் தடுப்பைப் பார்த்தார்கள்.

“தூரம் இல்ல மாமா, ஒயர்” என்று அவள் அன்றைக்கே சொன்னாள். “இந்தப் பழைய ஒயர்ல அவ்வளவு விவரமும் வராது. தள்ளி உட்கார்ந்தா மங்கல் கண்ணுக்குத் தெரியாம போகும், அவ்வளவுதான். பெட்டியில இருக்கிறதைப் போடுங்க.”

“ஒயர்ல என்னம்மா இருக்கு? உள்ள செம்புதானே!” என்று மாமா சிரித்தார். “டிகிரி பேசிடுச்சு, எல்லாரும் எழுதிக்கோங்க” என்றான் அண்ணன்.

அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தச்சருக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு மேட்சின் இறுதி ஆட்டம். அண்ணனின் ஆபீஸிலிருந்து பத்துப் பேர் வருகிறார்கள்.

“என்னுது உன்னுதுன்னு என்ன பேச்சு இது?” என்றார் அப்பா.

“என் புத்தகம் உள்ள இருக்கு. என் துணி உள்ள இருக்கு. நான் உள்ள தூங்குறேன். வேற எப்படிப்பா சொல்றது?”

“சமையலறையில படிச்சுக்கோயேன். அங்க மேடை இருக்கு, லைட் இருக்கு” என்றான் அண்ணன்.

“அப்ப மேட்சையும் அங்கேயே பாரேன். மேடை இருக்கு, லைட் இருக்கு.”

தச்சர் இருமுகிற சாக்கில் சிரிப்பை விழுங்கினார். அப்பாவின் பார்வை சுட்டது. “வாய் ரொம்ப நீளுது.”

“நீளட்டும். அஞ்சு நிமிஷம் குடுங்க, ஆறடி தேவையே இல்லைன்னு காட்டுறேன். படம் சரியா தெரிஞ்சா தடுப்பு இருக்கட்டும். சரிதானே?”

யாரும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அதுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பரணிலிருந்து தெர்மாகோல் தூள் தலையெல்லாம் கொட்டியது. உறையைப் பல்லால் கிழித்தாள். அப்பாவின் பக்கத்து நாற்காலியில் இருந்த மாமா, “பார்த்தும்மா, ஷாக் அடிக்கும்” என்று இரண்டு தரம் சொன்னார். மூன்று வண்ண ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதியதைச் சொருகினாள். ரிமோட்டில் எந்த வழியாகப் படம் வரவேண்டும் என்பதை மாற்றினாள். கடையில் இலவசமாகக் கொடுத்த டிஸ்க் ஓட ஆரம்பித்தது. ஏதோ ஒரு மைதானம்.

புல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஓடுகிறவனின் புருவத்தில் வியர்வைத் துளி நின்றது, விழுந்தது. அவள் இரண்டு எட்டு தள்ளித்தான் நின்றிருந்தாள். ஒரு இடத்திலும் கலங்கல் இல்லை.

“அடேங்கப்பா! தையல் பிரிஞ்சது கூட தெரியுது சட்டையில” என்றார் தச்சர்.

அம்மா சமையலறை வாசலை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள். “இப்பதான் நல்லா தெரியுதே. அதை விட்டுடலாமே” என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். “ஆமா, இந்த ஒயரையும் போட்டுப் பார்க்கணும்னு நானே நினைச்சேன். மறந்துட்டேன்.”

அண்ணன் எழுந்து தடுப்பு வரைக்கும் நடந்து போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்திருந்தது. “மாமா, இவ்வளவு நல்ல படத்தை இந்தப் பொந்துல வச்சுப் பார்க்கிறதே பாவம்! தடுப்பையும் எடுத்துட்டா தியேட்டர் மாதிரி இருக்கும்ல?”

“இருக்கும்” என்றார் மாமா. “ஸ்பீக்கரைப் பின்னால வைக்கவும் இடம் கிடைக்கும்.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். படம் மங்கலாக இருந்ததால் தடுப்பை எடுக்க நினைத்தார்கள். இப்போது பளிச்சென்று இருப்பதால் எடுக்கப்போகிறார்கள். படமே வராமல் போயிருந்தாலும் எடுத்திருப்பார்கள், ரிப்பேர்க்காரன் பின்னால் போக இடம் வேண்டும் என்று. இதைச் சத்தமாகவே சொன்னாள்.

“அப்பா, நீங்க சொல்லுங்க. படம் சரியாயிடுச்சா, இல்லையா?”

“ஆயிடுச்சு.”

“அப்ப தடுப்பு?”

அப்பா செய்தித்தாளை மடித்தார். நாலாக மடித்தார். “நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. வரச்சொன்னவங்களை வராதேன்னு சொல்ல முடியுமா? நீ கல்யாணம் ஆகிப் போற பொண்ணு. எத்தனை நாளைக்கு அந்த அறை?” பிறகு தச்சரிடம் தலையசைத்தார். “நீங்க ஆரம்பிங்க.”

கத்தினால் அழுகை வரும், அழுதால் ஜெயித்துவிட்டதாக நினைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டாள். தச்சர் தயங்கி நிற்பதைப் பார்த்தாள்.

“அண்ணே, ஒரு அரைமணி நேரம் குடுங்க. என் சாமானை எடுத்துக்கிறேன்.”

“தாராளமா எடும்மா” என்றார் அவர். அந்த வீட்டில் அன்றைக்கு அவளிடம் ஒழுங்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

“பாத்தீங்களா, எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்கும்” என்று மாமா அப்பாவின் தொடையைத் தட்டினார்.

அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். போனை எடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூத்தவளான ஒரு அக்கா, வேலை பார்க்கும் பெண்கள் நாலு பேரோடு ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தாள்.

“அக்கா, போன வாரம் ஒரு கட்டில் காலின்னீங்களே.”

“காலியாத்தான் கிடக்கு. யாருக்கு?”

“எனக்கு.”

“அழுதியா?”

“இல்லக்கா. கோபம்.”

“கோபம் பரவாயில்ல. ஜன்னல் பக்கத்துக் கட்டில். மேசையை மட்டும் பங்கு போட்டுக்கணும். எப்ப வர்றே?”

“இப்ப.”

புத்தகங்களை ஒரு பையில் அடுக்கினாள். துணியை இன்னொன்றில் திணித்தாள். சான்றிதழ் கோப்பைத் துணிக்கு நடுவில் வைத்தாள். அரைமணி நேரம் தேவைப்படவில்லை, இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அத்தனை வருஷமும் இரண்டு பைக்குள் அடங்கியது அவளுக்கு இன்னும் எரிச்சலைத்தான் மூட்டியது.

வெளியே வந்தபோது நான்கு நாற்காலிகளும் டிவியைப் பார்த்துத் திரும்பியிருந்தன. திரையில் யாரோ எதற்கோ குதித்தார்கள், அண்ணன் கைதட்டினான். அவள் அவர்களுக்கும் திரைக்கும் நடுவே நடந்தாள்.

“ஏய், மறைக்காதே!”

அவள் நிற்கவில்லை. அம்மா மட்டும் வாசல் வரை பின்னாலேயே வந்தாள். பைகளைப் பார்த்தாள். பெரிய பையின் ஜிப் பாதியில் நின்றிருந்தது. குனிந்து அதை இழுத்து மூடினாள்.

“அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.”

“நீ சொல்லும்மா. விளம்பரம் வர்றப்போ சொல்லு.”

“எங்க போறேன்னாவது என்கிட்ட சொல்லேன்டி.”

சொன்னாள். தெருவின் பெயரையும் கதவு எண்ணையும் சொன்னாள். அம்மா உதட்டுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே சுத்தியல் பிளைவுட்டில் இறங்குகிற சத்தம் கேட்டது. அம்மாவின் தோள் துள்ளியது. மகள் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு படியிறங்கி, வெயிலில் பஸ் நிறுத்தம் இருக்கும் பக்கமாக நடந்தாள்.